காரைக்குடிப் பக்கம் இருந்தபடியே கச்சேரி, சேர்ந்திசை, வகுப்பு: வேலை மூன்று, தொண்டை ஒன்று

கேள்வி: வயது 23. இசையில் பி.ஏ. முடித்திருக்கிறேன். வாய்ப்பாட்டு, என் சுருதி 5 கட்டை. ஊர் தேவகோட்டை. கோயில்களிலும் வீட்டு விசேஷங்களிலும் பாடுகிறேன், வீட்டில் 12 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இப்போது காரைக்குடியில் ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் கொண்ட சேர்ந்திசைக் குழுவை நடத்தக் கூப்பிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியுமா? கச்சேரிப் பாடகியாக வளர வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்விட வேண்டுமா?

பதில்:

முடியும், தங்கச்சி. சென்னைக்கு வீடு மாற்ற வேண்டிய அவசியமும் இப்போதைக்கு இல்லை. ஆனால் வேலை மூன்று, தொண்டை ஒன்று. இந்தப் பக்கத்து இளம் பாடகர்கள் பின்தங்குவது பெரும்பாலும் வாய்ப்புக் கிடைக்காமல் அல்ல. மாலை நான்கு மணி நேரம் பிள்ளைகளோடு கூடவே பாடிச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சொந்தச் சாதகத்துக்கு, அதாவது பாட்டுப் பயிற்சிக்கு, உட்கார்ந்தால் மேல் ஷட்ஜம் (மேல் ஸ) எட்டாது. இரண்டு மூன்று வருடம் அப்படியே ஓடினால் குரல் தடித்துப்போகும். ஆகவே பணக் கணக்குக்கு முன்னால் குரல் கணக்கைப் போடுங்கள்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். சாதகம் நாளுக்கு ஒன்றரை மணி, 6 நாளைக்கு 9 மணி. வகுப்பு 15 மணி. குழுப் பயிற்சி 3 மணி. கச்சேரி ஒன்று, இரண்டரை மணி. எல்லாவற்றிலும் வாய் திறந்து பாடினால் 29½ மணி நேரம். வருடக்கணக்கில் இதைத் தாங்கும் குரல் அபூர்வம். வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பாடி, மீதி நேரம் காதால் கேட்டுத் திருத்தினால் 15 மணி என்பது 5 மணி ஆகிறது. குழுவைக் கையால் நடத்தி வாயை மூடிக்கொண்டால் 3 மணி என்பது அரை மணி ஆகிறது. மொத்தம் 17. வருமானத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை, தொண்டைக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஓய்வு கிடைத்துவிட்டது. கச்சேரிக்கு முந்தின நாள் மாலை வகுப்பே வேண்டாம்.

பிள்ளையோடு சேர்ந்து பாடுவது அன்பால் வருகிற பழக்கம், ஆனால் இருவருக்கும் கெடுதல். நீங்கள் கூடவே பாடும்வரை அது உங்கள் குரலில் தொங்கிக்கொண்டே போகும், தன் சுருதி விலகுவது அதன் காதில் விழாது. ஒரு வரியை இரண்டு தரம் முழுசாகப் பாடிக் காட்டுங்கள். பிறகு அது பாடட்டும். தப்பினால் அந்த ஒரு பிடியை (சின்ன ஸ்வரத் துண்டை) மட்டும் பாடுங்கள், அல்லது கீபோர்டில் அந்த ஸ்வரத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஆண் மாணவர் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவருக்கு 1 கட்டை, உங்களுக்கு 5. அவர் சுருதியில் நீங்கள் பாடினால் கீழே குரல் எழும்பாது, ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரையிலான அடுக்கு) மேலே போனால் தாரத்தில், அதாவது உச்சத்தில், கத்த வேண்டியிருக்கும். உங்கள் 5-லேயே பாடிக் காட்டிவிட்டு, தம்புராவை 1-க்கு மாற்றி அவரைப் பாடச் சொல்லுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவார்.

குரல் கம்மியது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்த்துவிடுங்கள். அதிகம் பாடுவதால் குரல் நாணில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழும். ஆரம்பத்தில் கண்டால் ஓய்வும் குரல் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். இன்னொன்று சாப்பாடு. விசேஷ வீட்டில் பாடப் போகிற இடத்தில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் தட்டில் வந்து நிற்கும், வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் இருக்கும்போது சம்மணமிட்டு மடங்கி உட்கார்ந்து பாடினால் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைச் சுடும். இரண்டரை மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். ஆச்சியிடம் "பாடி முடிச்சுட்டுச் சாப்பிடுறேன், எடுத்து வைங்க" என்றால் சந்தோஷமாக எடுத்து வைப்பார்கள்.

இனி கச்சேரி. இன்று மேடைகளில் பாடப்படும் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் உங்கள் ஊர்ப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கிருதிகளால் விறுவிறுப்பு ஏற்றி, நடுவில் பெரிய ராகத்தை வைத்து, கடைசியில் துக்கடாக்களில் (லேசான சின்னப் பாட்டுகளில்) இறக்குவது அவர் வகுத்த வழி. பல வகைக் கேட்பவர்களை இரண்டு மூன்று மணி நேரம் கட்டிப்போடுகிற நேரக் கணக்கு அது. கோயில் மேடையில் பொதுவாகக் கிடைக்கும் 90 நிமிடத்துக்கு அதைச் சுருக்கினால் இப்படி வரும். வர்ணம் 5. பிள்ளையார் பாட்டு சின்ன ஸ்வரத்தோடு 9. ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது) இல்லாத துரிதப் பாட்டு 5. உப பிரதானம் (இரண்டாவது பெரிய உருப்படி) 16, அதாவது ஆலாபனை 4, வயலின் 3, பாட்டு 9. மறுபடி ஒரு துரிதம் 4. பிரதானம் (கச்சேரியின் முக்கிய உருப்படி) 36: ஆலாபனை 8, வயலின் 5, கிருதி 8, நிரவலும் (ஒரு வரியையே பல விதமாகப் பாடுவது) ஸ்வரமும் 7, தனி (மிருதங்கம் மட்டும் வாசிப்பது) 8. துக்கடா மூன்று, 12. மங்களம் 2. கூட்டினால் 89. தம்புரா சரிபார்க்கவும் தண்ணீர் குடிக்கவும் மிச்சம் ஒரு நிமிடம்தான் என்பதைப் பாருங்கள்.

ஆகவே கோயிலில் அபிஷேகம் தாமதமாகி 20 நிமிடம் கழித்து உங்களை மேடையேற்றினால் எதை வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். முதலில் வர்ணம், அடுத்து உப பிரதானத்தின் ஆலாபனையும் வயலினும், அடுத்து ஒரு துரிதப் பாட்டு, அதற்கும் பிறகுதான் பிரதானத்தில் கை வைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்பகுதியை முழுசாகப் பாடிவிட்டுத் தனியை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லிக் கண் காட்டுவார்கள். மிருதங்கக்காரர் அதை மறக்க மாட்டார். அடுத்த தேதிக்கு அவர் கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கும். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும், நம் காலத்தில் காரைக்குடி மணியும் வந்த வட்டாரம் இது. இங்கே ரசிகர்களுக்கும் தாளக் காது உண்டு.

வீட்டு விசேஷம் வேறு வகை. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வளவிலேயே (வீட்டின் நடு முற்றத்துப் பகுதியிலேயே) உட்கார வைப்பார்கள். செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு எவ்வளவு அழகோ, பாட்டுக்கு அவ்வளவு எச்சரிக்கை வேண்டிய இடம். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தூண் தேக்கு. ஒலியை உறிஞ்ச ஒன்றுமில்லை, எல்லாம் திருப்பி அடிக்கும். போனவுடன் வளவின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். ஓசையின் வால் ஒரு விநாடிக்கு மேல் நீண்டால் அன்றைக்கு அதிதுரித ஸ்வரம் வேண்டாம், அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழையும். நடுக்காலப் பாட்டும் விருத்தமும் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுளும்) அந்த வீட்டில் தேனாக இருக்கும். நீங்கள் உட்காருமிடத்தில் மட்டும் போதாது, எதிர்த் தாழ்வாரத்திலும் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுங்கள். ஆட்கள் நிறைந்தபின் எதிரொலி பாதி அடங்கிவிடும். அதனால் காலியாக இருக்கும்போது சரிபார்த்த ஒலி அளவு கூட்டம் வந்ததும் மாறும் என்று மைக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மைக்காரர் பழக்கத்தில் எக்கோவைத் திருகி வைத்திருப்பார். முதல் வேலை அதை அணைக்கச் சொல்வது. பெரிய பெட்டி ஒன்றை முகப்பில் வைத்து அலறவிடுவதைவிட, சின்னப் பெட்டி இரண்டைக் கேட்பவர் காது உயரத்தில் வைத்து அடக்கமாக விடுவது மேல். மைக் வாயிலிருந்து அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை. தாரத்துக்குப் போகும்போது தலையைப் பின்னால் இழுக்காதீர்கள், லேசாகப் பக்கம் திருப்பினால் போதும். உங்கள் எதிரே வைக்கும் பெட்டியில் தம்புராவும் உங்கள் குரலும் மட்டும் வரட்டும். மிருதங்கத்தையும் அதில் ஏற்றினால் சுருதி காதில் விழாமல் நீங்கள் கத்த ஆரம்பிப்பீர்கள்.

இந்த விசேஷங்களில் நடுவில் ஒரு ஆச்சி "ஆத்தா, ஒரு முருகன் பாட்டுப் பாடு" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். குன்றக்குடி பக்கத்தில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற ஜனம். திருப்புகழில் ஐந்து, காவடிச்சிந்தில் இரண்டு எப்போதும் நாக்கில் இருக்கட்டும். திருப்புகழின் சந்தக் கணக்குகளை மிருதங்கக்காரரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் வரியிலேயே இடறும்.

விருத்தத்தை உங்கள் தனி அடையாளமாக வளர்க்கச் சொல்வேன். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் திருநாள் பங்குனியில் நடந்து நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறுகிறது. கம்பன் பாட்டைப் பொருள் சிதையாமல் பாடுகிறவருக்கு இந்த ஊரில் மதிப்பு தனி. நான்கடி விருத்தத்துக்கு ஆறேழு நிமிடம் தாராளம். ஒவ்வொரு அடியையும் முதலில் சொல் முழுதும் கேட்கும்படி நேராகச் சொல்லிவிட்டுப் பிறகு ராகத்தை நீட்டுங்கள். நீட்டுவது சொல்லின் கடைசியில் அமையட்டும். சொல்லுக்கு நடுவே நீட்டி மூச்சு விட்டால் கேட்பவர் அந்த இடத்திலேயே பொருளைத் தொலைத்துவிடுவார்.

பணப் பேச்சை வெட்கப்பட்டு விடாதீர்கள். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், பக்கவாத்தியத்துக்கு யார் கொடுப்பது, திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ அவர்கள் வர வண்டி யாருடையது, மைக் யார் பொறுப்பு, இரவு தங்க வேண்டுமா என்று ஏழெட்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வருவதில்தான் பக்கவாத்தியத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது மேடையிலிருந்து இறங்கியபின் தெரியவந்தால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. மேடை தருகிறோம், நீங்களே பணம் கட்டுங்கள் என்று கேட்கிற இடங்களுக்குப் போகவே வேண்டாம்.

தகுதிச் சான்றுகளில் மூன்றுக்கு உடனே முயலுங்கள். முதலாவது வானொலித் தரம். பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள். தேர்வுக்கு நீங்கள் கொடுக்கும் ராகப் பட்டியலிலிருந்து அவர்களே பொறுக்குவார்கள், ஆகவே பட்டியலை நீட்டிக் காட்டும் ஆசை வேண்டாம். ஐந்து நிமிடம் ஆலாபனை செய்ய முடியாத ராகம் பட்டியலில் இருக்கக் கூடாது. இரண்டாவது, மத்திய அரசின் பண்பாட்டுத் துறை தரும் இளங்கலைஞர் உதவித்தொகை. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், 2 ஆண்டு. குருவிடம் குறைந்தது 5 ஆண்டு கற்றதற்குச் சான்று வேண்டும். உங்களுக்கு வயது 23, தள்ளிப்போட்டால் கை நழுவிவிடும். மூன்றாவது, மாவட்டக் கலை மன்றம் வழியாக வரும் கலை வளர்மணி விருது, 19 முதல் 35 வயதினருக்கு. பாடிய நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ், நோட்டீஸ், படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்தின்போது தேடினால் கிடைக்காது.

சேர்ந்திசைக்கு வருகிறேன். கச்சேரிப் பாடகர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் கச்சேரியில் அவர்களுக்கு வெற்றி தந்த ஒவ்வொன்றும் இங்கே குறுக்கே நிற்கும். கமகத்தையே, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையே, பாருங்கள். ஒரு குரலில் அது உயிர். 40 குரலில் ஆளுக்கொரு வேகத்தில் அசைந்தால் இரைச்சல். தோடி, பேகடா, சஹானா எல்லாம் குழுவுக்கு ஆகாது. மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி, ஹரிகாம்போதி போல ஸ்வரங்கள் நேராக நிற்கும் ராகங்களில் ஆரம்பியுங்கள். அசைவு வேண்டிய இடத்தில் எத்தனை அசைவு என்று எண்ணி ஸ்வரமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் பாட்டுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்தே போதும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்கிறது. ஒலித்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயாரப் பாட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பள்ளிக்கு இதைவிட உபயோகமான பயிற்சி ஏது? விநாடிக் கடிகாரத்தை வைத்துப் பாடச் சொன்னால் முதல் வாரம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். காரணம் வேகம் இல்லை, ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சுக்கு எல்லாரும் நிற்பதுதான். மூச்சு எடுக்கும் இடங்களைத் தாளில் குறித்து, வரிசைக்கு ஓர் இடமாகப் பிரித்துக் கொடுங்கள். முன் வரிசை மூச்செடுக்கும்போது பின் வரிசை பாடிக்கொண்டிருக்கும், பாட்டு எங்கும் அறுபடாது.

சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கேளுங்கள். 5½ கட்டைத் தம்புராவுக்கு ஸ, ப, மேல் ஸ, மறுபடி கீழே. அரை நிமிடம் போதும். தப்பாகப் பாடுகிறவர்களை வெளியே அனுப்பாதீர்கள். அவர்கள் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் பார்த்துக்கொண்டு, உறுதியான குரல் இரண்டுக்கு நடுவில் ஒருவராக நிறுத்துங்கள். உறுதியான குரல்கள் பின் வரிசை நடுவில் இருக்கட்டும், அந்த ஒலி முன்னால் நிற்பவர்களின் காதில் விழும். நன்றாகப் பாடுகிற பிள்ளைகளை முன்னால் நிறுத்தி ஆளுக்கொரு கை மைக் கொடுப்பது எல்லாப் பள்ளி விழாவிலும் பார்க்கிற தவறு. பிறகு கேட்பது இரண்டு பிள்ளைகள் பாடுவது, பின்னால் 38 பேர் நிற்பது. குழுவுக்கு மூன்று மைக், முன் வரிசையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, தலைக்குச் சற்று மேலே.

பையன்களைத் தனியாகப் பாருங்கள். ஏறக்குறைய 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும், ஒரு ஸ்தாயி வரை கீழே இறங்கும். அந்த மாதங்களில் மேலே இழுத்துப் பாடச் சொல்லக் கூடாது. அவனுக்கு வசதியான ஐந்தாறு ஸ்வரத்துக்குள் இருக்கட்டும், மீதி வரிகளில் தாளம் போடட்டும். ஆசிரியர்களும் பெரிய பையன்களும் சேரும் கலப்புக் குழுவென்றால் 6 கட்டை வைத்துப் பாருங்கள். பெண்களுக்குச் சற்று உயரம், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே வசதியாகப் பாடலாம். பாட்டு மேல் காந்தாரத்தைத் தாண்டக் கூடாது.

நடத்தும் கை எப்படி? தொடையில் தட்டிப் போடும் தாளம் இங்கே உதவாது. பின் வரிசைக்குத் தெரியாது, மைக் அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். வலக்கையை மார்பு உயரத்தில் வைத்துக் காற்றில் அடி காட்டுங்கள். ஆதி தாளத்தை நாலு நாலாக இரண்டு தரம்: கீழ், இடம், வலம், மேல். மிஸ்ர சாபு 3+2+2, கண்ட சாபு 2+3. இடக்கை தாளம் போடக் கூடாது. அது எடுப்பு (பாட்டைத் தொடங்கும் இடம்), நிறுத்தம், சத்தம் கூட்டல் குறைத்தலுக்கு மட்டும். இரண்டு கையும் ஒன்றையே காட்டினால் ஒரு கை வீண்.

எடுப்பில்தான் குழு விழும். சமத்திலிருந்து (தாளத்தின் முதல் அடியிலிருந்து) அரை அட்சரம் தள்ளி எடுக்கும் பாட்டில் ஐந்து பேர் சமத்திலேயே பாய்வார்கள், இருபது பேர் பிந்துவார்கள். மருந்து ஒன்றுதான்: எடுப்புக்கு முந்தின அடியில் நீங்களே வாய் திறந்து, தோள் லேசாக எழ, மூச்சை இழுத்துக் காட்டுங்கள். 40 பேரும் உங்களோடு மூச்செடுத்தால் 40 பேரும் சேர்ந்து தொடங்குவார்கள். பாட்டு ஓடும்போது உதட்டசைவால் சொல்லைக் காட்டுங்கள், சத்தம் வேண்டாம். நீங்கள் பாடினால் உங்கள் குரல் உங்கள் காதை மறைத்துக் குழுவின் தவறு கேட்காது. அந்த அரை மணி நேரக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

சுருதி இறங்குவதும் காலம் ஓடுவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். மோகனத்தில் காந்தாரமும் தைவதமும் முதலில் சரியும், வரி முடிவில் மூச்சுத் தீரும்போது. வரி நடுவில் திடீரென்று கையை மூடி நிறுத்தி, தம்புராவை மட்டும் கேட்க வைத்து, அதே ஸ்வரத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். அப்படியும் இறங்கினால் சுருதியை அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். பல குழுக்களுக்கு அதிலேயே சரியாகிவிடும். மைதானத்தில் வேறொரு தொல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளிக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருகிற சத்தம் பிள்ளைகள் காதுக்குப் பத்தில் ஒரு விநாடி பிந்தி வரும். அதற்கு ஒத்துப் பாட முயன்று பாட்டு இழுபடும். பெட்டிகள் குழுவுக்கு முன்னால் பக்கத்திலேயே இருக்கட்டும், தூரத்துக் கூம்பைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கப் பழக்குங்கள்.

சொல்லைப் பற்றி ஓர் உதாரணம். அப்பரின் 'மாசில் வீணையும்' பள்ளிகளில் அதிகம் பாடப்படுவது. அதில் 'வீங்கிள வேனில்' என்பது வீங்கு, இள வேனில். பிள்ளைகள் 'வீங்கி' என்று நிறுத்தி 'ளவேனில்' என்று தொடங்குவார்கள். 'வண்டறை பொய்கை' என்பது வண்டு அறைகின்ற, அதாவது ஒலிக்கின்ற பொய்கை. அதை 'வண்டரை' என்று மெலிதாகப் பாடினால் வண்டு ரீங்கரிக்கவே இல்லை. பாட்டைத் தொடங்கும் முன் ராகம் இல்லாமல் பத்து நிமிடம் சொற்களைப் பிரித்துப் பொருளோடு வாசிக்க வையுங்கள். பொருள் தெரிந்தபின் அந்த வரியை அவர்கள் பாடுகிற விதமே மாறும். முகத்தில் தெரியும்.

இரண்டாம் பருவத்தில் பல குரலுக்குப் போகலாம். மோகனத்தில் அரைஸ்வர இடைவெளியே இல்லாததால் ஒரு பாதி ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) பிந்தித் தொடர்ந்து பாடினாலும் உரசாது. தமிழில் இந்தத் துறையை எடுத்துக்காட்டியவர் எம்.பி. சீனிவாசன். அவருடைய மெட்ராஸ் யூத் கொயர் பதிவுகளைக் கேளுங்கள். கை அசைவைக் கற்க, தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சியில் இரண்டு மூன்று ஞாயிறு அனுமதி கேட்டு உட்கார்ந்து பாருங்கள். புத்தகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

மார்கழிக்கு ஒரு திட்டமும் சொல்கிறேன், மூன்று வேலையும் ஒன்றாகச் சேரும் இடம் அது. திருப்பாவை 30 பாசுரத்துக்கும் மெட்டமைத்தவர் அரியக்குடியேதான். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ, அதாவது தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் ராகங்களே. புரட்டாசியில் தொடங்கினால் குழுவுக்கு எட்டுப் பத்துப் பாசுரம் ஒழுங்காக வரும். வராளிப் பாசுரத்தை மட்டும் தனிக்குரலுக்கு விட்டுவிடுங்கள். குரு வராளியை நேரே சொல்லிக்கொடுப்பதில்லை என்றே பழைய வழக்கம் உண்டு. அந்த மத்தியமம் பிள்ளைக் கூட்டத்தில் நிற்காது. அந்தத் தனிக்குரல் உங்கள் வகுப்பில் மூத்த மாணவியாக இருக்கட்டும்.

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். ஒரு தொகுதிக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஆறு. வயதைப் பார்த்துச் சேர்க்காமல் சுருதியைப் பார்த்துச் சேருங்கள். ஆரம்பப் பயிற்சியான 14 சரளி வரிசையையும் மூன்று காலத்தில், அகாரத்திலும் ('ஆ' என்று மட்டும் பாடுவது), தம்புராவோடு பாட வேண்டும். நடுவில் தம்புராவை அணைத்து நாலு ஆவர்த்தனம் கழித்துப் போட்டுப் பாருங்கள். விலகியிருந்தால் அடுத்த வரிசைக்குப் போகாதீர்கள். வாரம் இரண்டு வகுப்பில் வர்ணம் வரை ஏறக்குறைய மூன்று வருடம். ஒரு வருடத்தில் மேடையேற்றச் சொல்லும் பெற்றோரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சம்பளம் மாத முன்பணம், எட்டு வகுப்பு, ஒரு நாள் முன்பே சொன்னால்தான் ஈடு வகுப்பு.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம்மூர்க் குடும்பங்கள் இணையத்தில் கேட்பார்கள். சிங்கப்பூரில் மாலை 6 என்றால் இங்கே மூன்றரை, உங்களுக்கு வசதியான நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வெள்ளி இரவு 8 என்றால் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை, அவர்கள் குளிர்காலத்தில் ஆறரை. எழுந்தவுடன் பாடிச் சொல்லிக்கொடுத்தால் அன்றைய சாதகம் போயிற்று, ஆகவே அந்த நேரத்தை ஒன்றுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிடும். தம்புரா மாணவர் பக்கத்தில் ஓடட்டும். ஒலி பிந்தி வருவதால் சேர்ந்து பாடவும் தாளம் போடவும் முடியாது, அவர்தான் தாளம் போட வேண்டும். அங்கத்திப் பிள்ளைகள் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதினால் ழ, ள, ண மூன்றும் போய்விடும். முதல் மாதமே தமிழ் எழுத்தில் எழுத வைத்துவிடுங்கள்.

பள்ளியில் நிரந்தர இசை ஆசிரியர் வேலை மனத்தில் இருந்தால் பி.ஏ. மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அரசின் இசைத் தொழில்நுட்பத் தேர்வுகளையும் ஆசிரியர் பயிற்சிச் சான்றையும் கேட்பது வழக்கம். அறிவிக்கையைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். கல்லூரிப் பக்கம் என்றால் எம்.ஏ., பிறகு நெட் தகுதித் தேர்வு.

சென்னை விஷயம். மாதம் இரண்டு முறை குருவிடம் போய்வாருங்கள், மார்கழியில் 15 நாள் தங்கிக் கச்சேரி கேளுங்கள். இளைஞர்களுக்கு சபாக்கள் தரும் நண்பகல் நேரம் கிடைத்தால் முந்தின நாளே போய்விடுங்கள். விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் எழும்பூர் சேரவே நண்பகல் ஆகிவிடும். ஆறேழு மணி நேரம் வண்டியில் இருந்துவிட்டு நேரே மேடையேறினால் அந்தப் பாட்டை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். வானொலியில் பி-ஹை வாங்கி, வருடத்துக்குப் பத்துச் சென்னைத் தேதி தானாக வரத் தொடங்கும்போது வீடு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது அந்தப் பள்ளிக்குப் பதில் எழுதுங்கள். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், காலை வேளையில். ஒரு தம்புராப் பெட்டி, ஒரு கீபோர்டு, ஜமுக்காளம் விரித்த அறை. முதல் மேடை நான்கு மாதம் கழித்து. அதற்கு முன்னால் ஆண்டு விழாவுக்கு அவசரமாக ஏதாவது தயார் செய்யச் சொன்னால், தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.